தன் நெறி காணும் கவிஞன்

கவிதை எழுதப் புகும் இளைஞனுக்கு இரண்டு இடர்கள் உண்டு. ஒன்று, முன்னோர் பாடியவாறே தானும் பாடிவிடுதல். மற்றது, முன்னோரை மறந்துவிட்டாற் புதுமை தானே வந்துவிடும் என நம்புதல். முதலாமவனுடைய செய்யுளிற் சீரும் தளையும் பிழையின்றி நிற்கும். அவன் வாழும் ஊர் அதில் இராது. இரண்டாமவனுடைய எழுத்தில் ஊர் இருக்கலாம். செவியில் தங்கும் ஓசை இராது. இவ்விரண்டுக்கும் இடையே தனக்கென ஒரு நெறியைக் காண்பது எங்ஙனம்?

ஈழத்துக் கவிஞர் ஒருவரின் படைப்புகள் இதற்கு விடை கூறுகின்றன. 'மகாகவி' என்னும் புனைபெயர் பூண்ட து. உருத்திரமூர்த்தி, 1927ஆம் ஆண்டு அளவெட்டியிற் பிறந்து, 1971இல், 44ஆவது வயதில் மறைந்தவர். அவர் யாப்பைக் கைவிடவில்லை. மரபு தந்த பா வடிவங்களையே எடுத்து, அவற்றினுள்ளே மக்கள் பேச்சின் ஏற்ற இறக்கங்களை அமைத்தார். அடி முடியும் இடத்தில் வாக்கியமும் முடிதல் வேண்டும் என்ற பழக்கத்தைத் தளர்த்தினார். ஆதலால் அவர் செய்யுளைப் படிப்போர்க்கு, ஒருவர் எதிரே நின்று உரையாடுவது போன்ற உணர்வு உண்டாகின்றது.

பிறமொழி வடிவம் ஒன்றை அவர் கையாண்ட முறையும் நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் 'லிமரிக்' என்பது ஐந்தடி வேடிக்கைப் பாட்டு. அதன் முதலாம், இரண்டாம், ஐந்தாம் அடிகள் ஒரே ஓசையில் முடியும். இடையிலுள்ள இரண்டும் குறுகியவை. அவ்வமைப்பை ஏற்ற மகாகவி, தமிழ்ச் செவிக்குப் பழகிய எதுகையையும் மோனையையும் அதனோடு சேர்த்தார். நகைச்சுவையின் உள்ளே சமூகத்தின் போலித்தனங்களைச் சாடும் கூர்மையையும் வைத்தார். 'குறும்பா' என அவர் பெயரிட்ட அவ்வடிவம் 1966இல் நூலாக வெளிவந்தது. இரவல் வாங்கிய பொருள் அவர் கையிற் சொந்தப் பொருளாயிற்று.

அளவெட்டி நாதசுர, தவிற் கலைஞர்களாற் பெயர்பெற்ற ஊர். 1970இல் வெளியான 'கோடை' என்னும் பாநாடகத்தில் அவர் காட்டியதும் நாதசுரக் கலைஞர் ஒருவரின் குடும்பத்தையே. பாடுபொருளைத் தேடி அவர் நெடுந்தூரம் செல்லவில்லை.

இளங்கவிஞர் இதனின்று கொள்ளத்தக்கது யாது? அவர் நடையைப் பின்பற்றுவதன்று. பின்பற்றினால் மீண்டும் முதலாம் இடரிலேயே வீழ நேரும். கொள்ளத்தக்கது அவருடைய உழைப்பு முறையே. முதலில் யாப்பைக் கையுங் காதும் பழகுமட்டும் பயிலல் வேண்டும். பின்னர், எழுதிய பாட்டை உரத்துப் படித்தல் வேண்டும். சீரை நிரப்புதற்காக மட்டும் வந்த சொல் எது, தென்றலும் திங்களும் வழக்கத்தினால் வந்தனவா, கண்டதனால் வந்தனவா என்று ஆராய்தல் வேண்டும். காரணமின்றி வந்த சொல்லை, அஃது எத்துணை அழகியதாயினும், நீக்கிவிடல் வேண்டும்.

அவ்வாறு நீக்கிய இடம் சில நாள் வெறுமையாகவே கிடக்கலாம். அதற்கு அஞ்சி இரவற் சொல்லை மீண்டும் அங்கே இடுபவர் பலர். பொறுத்திருப்பவனுக்கோ, தன் வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் கேட்ட சொல் ஒன்று ஒருநாள் அவ்விடத்தில் வந்து பொருந்தும். அவனுடைய நெறி அச்சொல்லிலிருந்தே தொடங்குகின்றது.