வீட்டு மேசையில் ஒரு விமானி அறை

மும்பை மாநகரில் குர்லா, காட்கோபர், செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கு விமானத்தின் ஓசை புதிதன்று. தாராவியின் குறுகிய சந்துகளிலும், மாதுங்காவின் மரநிழல் வீதிகளிலும், வானத்தை அண்ணாந்து பார்த்துக் கையசைக்காத குழந்தை இல்லை எனலாம். மேலே செல்வது என்ன விமானம், எங்கே போகிறது, அதைச் செலுத்துவோர் முன்னால் இத்தனை பொத்தான்கள் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கும்போது, பெரியவர்களாகிய நாம் பெரும்பாலும் பேச்சை மாற்றிவிடுகிறோம். அக்கேள்விகளுக்கு வீட்டிலிருந்தபடியே விடை தேட ஒரு பொழுதுபோக்கு இன்று நம்மிடையே பரவியிருக்கிறது. கணிப்பொறியில் விமானம் ஓட்டிப் பழகும் அப்பொழுதுபோக்கைப் பற்றி இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

நிலத்திலிருந்தபடியே பறக்கப் பழகும் எண்ணம் மிகப் பழையது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், ஆர்கன் என்னும் பெரிய இசைக்கருவிகளைச் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். அக்கருவிகளில் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே 1929ஆம் ஆண்டில் அவர் ஒரு பயிற்சிப் பெட்டியை அமைத்தார். உள்ளே அமர்ந்தவர் கைப்பிடியை அசைத்தால் பெட்டி சாயும், திரும்பும். முதலில் அதைப் பொருட்காட்சி விளையாட்டாகவே பலரும் கருதினர். 1934இல் அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஓட்டப் புகுந்து, மோசமான வானிலையில் விமானிகள் பலரை இழந்தது. அதன் பின்னரே ராணுவம் அப்பெட்டிகளில் ஆறினை வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றில் பயின்றனர் என்பது வரலாறு.

அப்பெட்டியின் வழிவந்ததே இன்றைய கணிப்பொறி விமானம். புரூஸ் ஆர்ட்விக் என்பவர் ஆக்கிய நிரலைக் கொண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் 1982இல் தன் முதல் பிளைட் சிமுலேட்டரை வெளியிட்டது. 2020 ஆகஸ்டிலும் 2024 நவம்பரிலும் வந்த பதிப்புகளில் உலகம் முழுவதும், நம் மாதுங்காவின் கட்டடங்கள் உட்பட, செயற்கைக்கோள் படங்களின் துணையோடு திரையில் விரிகின்றது. எக்ஸ்-பிளேன் என்பது இதற்குப் போட்டியான மற்றொன்று.

இவற்றோடு சேர்ந்து வரும் விமானங்கள் பொதுவான பழக்கத்துக்கு ஏற்றவை. ஆனால் ஆர்வம் முற்றியவர்கள் அங்கே நிற்பதில்லை. போயிங் 737, ஏர்பஸ் 320 போன்ற பயணிகள் விமானங்களை ஒவ்வோர் உறுப்பாக ஆராய்ந்து, மின்சுற்று, எண்ணெய் அழுத்தம், எரிபொருள் ஓட்டம் அனைத்தையும் நிரலாக எழுதித் தனியே வெளியிடும் குழுவினர் உண்டு. இத்தகைய கூடுதல் விமானங்களையே ஆட்-ஆன் என்கிறார்கள். பி.எம்.டி.ஜி., பீனிக்ஸ் முதலிய நிறுவனங்களின் ஆக்கங்கள் விலைக்குக் கிடைப்பவை. பிளைபைவயர் என்னும் குழுவினர் ஆக்கிய ஏர்பஸ் 320 இலவசமாகவே கிடைக்கின்றது.

ஆட்-ஆன் விமானத்தில் அமர்ந்தவர் எடுத்த எடுப்பில் பறந்துவிட முடியாது. விமானம் இருண்டு குளிர்ந்து கிடக்கும். முதலில் மின்கலத்தை இணைக்க வேண்டும். பின்னர் வாலில் உள்ள சிறிய துணை எஞ்சினை இயக்கி, மின்சாரமும் காற்றும் பெற வேண்டும். விமானம் தான் நிற்கும் இடத்தையும் திசையையும் தானே உணர்ந்துகொள்ளச் சில நிமிடங்கள் ஆகும்; அதுவரை அதை நகர்த்தலாகாது. பயணிகள் எத்தனை பேர், சுமை எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு என்று கணக்கிட்டு, ஓடுபாதையை விட்டு எழும்ப வேண்டிய வேகத்தைக் குறிக்க வேண்டும். எந்த வேகத்துக்கு மேல் சென்றபின் புறப்பாட்டைக் கைவிடலாகாது என்பதையும் முன்னதாகவே முடிவு செய்ய வேண்டும். ஆபத்து நேர்ந்த பிறகு யோசிக்க நேரமிராது. ஆதலால் யோசனையை முன்பே முடித்துவைப்பது விமானியின் தொழில்.

இறங்குவதற்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. உயரத்தின் ஆயிரங்களை மூன்றால் பெருக்கினால், எத்தனை கடல் மைல் முன்னதாக இறங்கத் தொடங்க வேண்டும் என்பது கிடைக்கும். மும்பையிலிருந்து சென்னைக்கு வான்வழியில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். 35,000 அடி உயரத்தில் வருபவர் 105 கடல் மைலுக்கு, அதாவது ஏறக்குறைய 195 கிலோமீட்டருக்கு முன்பே இறக்கத்தைத் தொடங்க வேண்டும். நேர்வழியில் வந்தால் அவ்விடம் கடப்பைச் சீமையில் இருக்கும். மீனம்பாக்கத்தில் இறங்கக் கடப்பையிலேயே ஆயத்தமாக வேண்டும் என்பதைப் பள்ளிப் பாடத்தில் படிப்பது வேறு, தாமே கணக்கிட்டு உணர்வது வேறு.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றவர்களை இப்பொழுதுபோக்கில் ஈர்ப்பது மற்றொன்று. அது வான்வெளியில் வழங்கும் சொல் ஒழுங்கு. 1977 மார்ச் 27 அன்று டெனரீப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். புறப்படுவதாக விமானி சொன்னதை, புறப்படக் காத்திருப்பதாகக் கட்டுப்பாட்டாளர் புரிந்துகொண்டார். அதன் பின்னர் ‘டேக்-ஆப்’ என்னும் சொல்லை, புறப்படுவதற்கு உண்மையாகவே அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்துச் செய்யும்போதும் மட்டுமே வழங்குவது என்று வரையறை செய்தார்கள். 1996 நவம்பர் 12 அன்று நம் நாட்டிலேயே, அரியானாவின் சர்க்கி தாத்ரியில், நடுவானில் இரண்டு விமானங்கள் மோதி 349 உயிர்கள் அழிந்தன. கட்டளையைச் சரியாகப் புரிந்துகொள்ளப் போதிய ஆங்கில அறிவு ஒரு விமானக் குழுவினரிடம் இல்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. சர்வதேச விமானிகளுக்கு மொழித்தேர்வு விதி 2008இல் நடைமுறைக்கு வந்ததற்கு இத்தகைய விபத்துகளும் காரணம். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்பது இலக்கியத்துக்கு வறுமையாகலாம். ஓடுபாதையில் அதுவே உயிர்க்காப்பு.

2001இல் தோன்றிய வாட்சிம் என்னும் இணைய அமைப்பில், உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் ஊதியமின்றிக் கட்டுப்பாட்டாளராக அமர்ந்து பேசுகிறார்கள். வீட்டிலிருந்து ஓட்டுபவர் அவர்கள் சொல்லும் உயரத்தையும் திசையையும் திருப்பிச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். பேச்சில் கூச்சமுள்ள இளைஞர்களுக்கு இது நல்ல பயிற்சி என்பது நாம் கண்ட உண்மை.

மும்பையே இக்கலைக்கு ஒரு பாடசாலை. சாந்தாகுருஸ் நிலையத்தின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்காக வெட்டுவதால் இரண்டையும் ஒரே சமயத்தில் பயன்படுத்த இயலாது. இருந்தும் 2018 டிசம்பரில் ஒரே நாளில் 1,007 விமானங்கள் அங்கு வந்து போயின. சற்று மேற்கே, 1928இல் அமைந்த பழைய ஜுஹு விமானத் திடல் இருக்கிறது. அதன் ஓடுபாதையும் ஏறக்குறைய அதே திசையில் அமைந்தது. 1972 செப்டம்பர் 24 அன்று ஜப்பானிய விமானம் ஒன்று ஜுஹுவைச் சாந்தாகுருஸ் என்று கருதி அங்கே இறங்கி, குறுகிய பாதையைத் தாண்டி ஓடியது. நல்லூழாக உயிர்ச்சேதம் இல்லை. திரையில் அதே வழியில் இறங்கிப் பார்ப்பவருக்கு, தேர்ந்த விமானிகளின் கண்ணும் எவ்வாறு ஏமாறக்கூடும் என்பது விளங்கும். பிறரை எளிதில் பழிக்கும் நாவு அப்போது சற்று அடங்கும்.

அதே ஜுஹுவுக்குத் தமிழ்நாட்டோடு பழைய உறவு ஒன்றுண்டு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகத் தபால் பைகளுடன் ஒற்றை எஞ்சின் விமானத்தில் வந்து இறங்கியது அங்கேதான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் தபாலை ஏற்றிக்கொண்டு பல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னையை அடைந்தார். நம் நாட்டு விமானச் சேவையின் முதல் வழியே பம்பாயையும் சென்னையையும் இணைத்தது என்பது இங்கு வாழும் தமிழர் மகிழத்தக்க செய்தி. சிறிய விமானம் ஒன்றைத் தெரிந்தெடுத்து, வழிகாட்டும் கருவிகளை அணைத்துவிட்டு, ஆறுகளையும் மலைகளையும் பார்த்தே பல்லாரிக்கு ஓட்டிப் பார்த்தால் அம்முன்னோடிகளின் துணிவு புலனாகும்.

தாராவியில் வாழும் நெல்லைச் சீமைப் பெரியவர் ஒருவர், ஆண்டுதோறும் ரயிலிலேயே ஊர் சென்று வருபவர், இத்திரையைக் கண்டதும், “தம்பி, நம்ம வாகைக்குளத்துக்கு இதுல போக முடியுமா?” என்று கேட்டார். “போகலாம் அண்ணாச்சி. ஆனா பழைய பாதையில இந்த விமானம் இறங்க இடம் போதாது” என்று விடை சொல்ல வேண்டியிருந்தது. வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தின் பழைய ஓடுபாதை 1,350 மீட்டர். உந்துவிசிறி கொண்ட ஏ.டி.ஆர். விமானங்களுக்கு அது போதும். ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானம் தக்க பாதுகாப்பு இடைவெளியோடு இறங்க அது போதாது. பாதை 3 கிலோமீட்டருக்கு மேல் நீட்டப்பட்டு, புதிய முனையமும் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. பழைய அளவிலும் புதிய அளவிலும் இறங்கிக் காட்டியபோது, “இதுக்காகத்தானா இத்தனை வருசம் பெரிய விமானம் வரலை!” என்றார் பெரியவர். ஊருக்கு ஒரு வசதி ஏன் வந்தது, ஏன் வராதிருந்தது என்பதைக் காரணத்தோடு அறிந்தவரே அடுத்த வசதியைத் தெளிவாகக் கேட்க வல்லவர். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது சிறிய பயன் அன்று.

இனி எச்சரிக்கையாகச் சில சொற்கள். திரையில் எத்தனை ஆயிரம் மணி பறந்தாலும் அது விமானி உரிமத்துக்குக் கணக்காகாது. நம் நாட்டில் தொழில்முறை உரிமம் பெற 200 மணி நேரம் உண்மையாகவே பறந்திருக்க வேண்டும். விசையை ஓட்டப் பழகிய கைக்கு வயிற்றைப் புரட்டும் காற்றுக் குலுக்கலும், பின்னால் அமர்ந்திருக்கும் உயிர்களின் பொறுப்பும் தெரியா. நுட்பமான ஆட்-ஆன்களுக்கு வலிய கணிப்பொறி வேண்டும். ஓர் அறை வீட்டில், ஒருவர் சம்பளத்தில் வாழும் குடும்பம் அதற்காகக் கடன்படுவது தகாது. இலவச விமானமும், உள்ள கணிப்பொறியும், நூலகத்துப் பூகோள ஏடும் தொடக்கத்துக்குப் போதும். பிள்ளையைத் தனியே இரவெல்லாம் விடாமல், வாரத்தில் ஒரு நாள் பெற்றோரும் அருகே அமர்ந்து, ஒருவர் சரிபார்ப்புப் பட்டியலைப் படிக்க மற்றவர் செய்வது நலம். உண்மை விமானத்திலும் வேலை இருவருக்கும் பகிர்ந்தே நடக்கிறது.

விபத்து நேர்ந்தால் மறுபடி தொடங்கும் பொத்தான் ஒன்று வீட்டுத் திரையில் உண்டு. வானத்தில் அது இல்லை. அந்த வேறுபாட்டை மறவாமல் பழகுபவருக்கு இப்பொழுதுபோக்கு கணக்கையும் பூகோளத்தையும், அளந்து பேசும் பழக்கத்தையும் கற்றுத்தரும். அடுத்த முறை உங்கள் கூரைக்கு மேல் விமானம் தாழ்ந்து செல்லும்போது பிள்ளை கேள்வி கேட்டால், பேச்சை மாற்றாமல் விடை சொல்லுங்கள். விடை தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடலாம்.