சம்பளமும் கையெழுத்தும்

இன்று பட்டம் பெறுவோர் பலரின் பெயரில் விரைவில் ஒரு சம்பளக் கணக்கும், சில ஆண்டுகளில் ஒரு கூட்டுக் கணக்கும் கடன் பத்திரமும் தோன்றவிருப்பதால், உறவுக்குள் பணத்தின் வழியே நிகழும் அடக்குமுறையைப் பேசுவதற்குப் பட்டமளிப்பு மேடை உரிய இடமே ஆகும். ஒருவருக்குச் சட்டப்படியோ வழக்கப்படியோ உரிய பணத்தைத் தடுப்பதையும், அவருக்கு உரிமையுள்ள பொருளை விற்பதையும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 'பொருளாதார வன்கொடுமை' எனப் பெயரிட்டு, உடல் வன்முறையோடு ஒரே பிரிவில் வைத்துள்ளது. மனைவியோடு மகள், சகோதரி, தாய், திருமணத்தை ஒத்த உறவில் வாழும் பெண் ஆகியோரும் இதன் பாதுகாப்பைப் பெறுவர். ஆண்களுக்கு இதில் இடமில்லை என்பது குறையே. எனினும் இங்கே கூறப்படும் எச்சரிக்கைகள் இருபாலார்க்கும் பொருந்துவன.

இவ்வன்கொடுமை பெரும்பாலும் மிரட்டலாக அன்றி அக்கறையாகவே தொடங்குகிறது. வேலைக்குச் செல்பவரின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி ஏடிஎம் அட்டையும் கடவு எண்ணும் வாங்கப்படுகின்றன; வங்கிக் குறுஞ்செய்தி செல்லும் கைபேசி எண் மாற்றப்படுகிறது; பின்னர், சொந்தச் சம்பளத்தில் பேருந்துக் கட்டணத்துக்கும் கேட்டுப் பெறும் நிலை வந்துவிடுகிறது. கடவு எண்ணைக் குடும்பத்தாரிடமும் பகிரக் கூடாது என்பது வங்கிகளின் விதி என்பதால், அதைத் தர மறுப்பதை அன்பின்மையாகக் கொள்வது தவறு.

இதனினும் ஆபத்தானது துணைவரின் கடனுக்கு இடும் ஜாமீன் கையெழுத்து. கடன் பெற்றவர் கட்டத் தவறினால் தாம் கட்டுவதாக ஒப்புக்கொள்பவரே ஜாமீன்தாரர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாத வரையில், இவரது பொறுப்பைக் கடன் பெற்றவரின் பொறுப்புக்கு இணையாக்குகிறது. ஆகவே கடன் பெற்றவர்மீது முதலில் வழக்குத் தொடுக்காமலேயே வங்கி ஜாமீன்தாரரை நாடலாம். மணமுறிவு பெற்றாலும், அதில் வங்கி ஒரு தரப்பன்று என்பதால், கடன் முறிவதில்லை. வெறும் சம்பிரதாயம் என்று வற்புறுத்தி நீட்டப்படும் பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க ஓரிரவு கேட்பது கடன் கொடுப்போருக்கும் துணைவருக்கும் எவ்வித இழப்பையும் தராது. அந்த ஓரிரவையும் மறுப்பவரின் நோக்கம் ஐயத்துக்குரியது.

தமிழகக் குடும்பங்களில் நெருக்கடி வந்தால் முதலில் அடகுக்கடைக்குச் செல்வது பெரும்பாலும் பெண்ணின் நகையே. பெண்ணுக்குத் திருமணத்தை ஒட்டி வழங்கப்படும் நகை, பணம், பொருள் ஆகிய 'ஸ்திரீதனம்' அவளது முழுச் சொத்து என்றும், ஒப்படைக்கப்பட்ட அதைத் திருப்பித்தர மறுக்கும் கணவரும் அவர் வீட்டாரும் நம்பிக்கை மோசடிக் குற்றத்துக்கு உள்ளாவர் என்றும், 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் உரிமையை மெய்ப்பிக்க நகைக்கடை ரசீதும் எடையுடன் கூடிய பட்டியலும் தேவைப்படுவதால், அவற்றின் நகல்களைப் பிறந்த வீட்டிலோ நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ வைத்திருப்பது அவசியம்.

வன்கொடுமை நேர்ந்தபின் 181 என்ற மகளிர் உதவி எண்ணையோ பாதுகாப்பு அலுவலரையோ அணுகலாம். நீதித்துறை நடுவரிடம் பாதிக்கப்பட்டவரே நேரடியாகவும் மனுச் செய்யலாம். கூட்டுக் கணக்கையும் பெட்டகத்தையும் நடுவரின் அனுமதியின்றி எதிர்த்தரப்பு இயக்காதவாறு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்கீழ் தடையாணை பெற முடியும் என்பதால், கணக்கு எண், கிளையின் பெயர், அண்மைய வரவுசெலவு அறிக்கை ஆகியவற்றை மனுவுடன் இணைப்பது, பணம் கைமாறும் முன்பே ஆணை கிடைக்கத் துணைபுரியும்.