மன்னார்–மாத்தளை வழிநடை: நாம் எழுதவேண்டிய வரலாறு



கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1679 ஒக்டோபர் 18ஆம் நாள் தோழர் ஸ்டீபன் றட்லண்டுடன் நமது மன்னார் மாவட்டத்து அரிப்புக் கோட்டையை வந்தடைந்தார். அநுராதபுரத்திலிருந்து அருவியாற்றைப் பிடித்தே இருவரும் காட்டைக் கடந்தனர். 1681இல் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அந்தக் காட்டு வழியை உலகம் இன்றும் படிக்கிறது.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அந்தப் பெருங்காட்டுக்குள் இலட்சக்கணக்கான தமிழர் எதிர்த்திசையில் நடந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெயர்கூட எங்கும் பதியப்படவில்லை.

1823இல் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் திறந்தார். பின்னர் கோப்பி மலைநாடெங்கும் பரவ, தமிழ்நாட்டுக் கிராமங்களில் கங்காணிமார் ஆள் திரட்டினர். கொடுத்த முன்பணம் கடனாகக் கணக்கில் ஏறியது. தோணியில் வந்து தலைமன்னாரிலும் அயல் கரைகளிலும் இறங்கியவர்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர்.

இந்த நடையைக் கொடியதாக்கியது பருவகாலம். கோப்பிப் பழம் பறிப்பது ஆவணி தொடங்கிக் கார்த்திகை வரை. அதற்குள் தோட்டம் போய்ச்சேர, ஆனி ஆடி வெயிலில் நடந்தாக வேண்டும். மாரி மழையை நம்பிய நம் குளங்கள் அப்போது அடிவற்றிக் கிடக்கும். தேங்கிய கலங்கல் நீரையே குடித்தார்கள். அதிலேயே கஞ்சியும் காய்ச்சினார்கள். வாந்திபேதியும் காட்டுக் காய்ச்சலும் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போயின. நடக்க முடியாமல் விழுந்தவர்களைப் பாதையோரம் விட்டுவிட்டு மற்றவர்கள் நகர்ந்தார்கள்.

பிழைத்தவர்களின் சந்ததியினர் 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் ஆயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவர்களில் பெருந்தொகையினர் கப்பலேறியதும் இதே தலைமன்னாரில்தான். பாட்டனார் இறங்கிய கரையில் பேரன் கண்ணீரோடு விடைபெற்றான்.

2023 ஜூலை 28ஆம் நாள் மலையக மக்களும் அவர்களுக்குத் தோள்கொடுத்தோரும் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, அந்த வழியைத் திரும்ப நடந்து, ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தனர். காணியும் வீடும் நியாயமான கூலியும் கேட்டு நடந்த நடை அது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வழியில் அவர்களை வரவேற்றனர். மாண்டவர்களை நினைவுகூர்ந்ததோடு நில்லாமல், இருப்பவர்களின் உரிமையையும் அந்தப் பயணம் பேசியது. அதனாலேயே நான் அதைப் பெரிதும் போற்றுகிறேன்.

மலையக வரலாற்றின் முதல் அத்தியாயம் நம் மாவட்டத்தில் நடந்தது. அதை எழுதும் கடமை மன்னாருக்கும் உண்டு. கச்சேரி ஆவணங்களையும் பழைய கோயில்களின் மரணப் பதிவேடுகளையும் தேடுவோம். பேசாலை முதல் மதவாச்சி வரையுள்ள ஊர்களில் மடம், கிணறு, இடுகாடு பற்றி முதியோர் சொல்வதைப் பதிவுசெய்வோம். ஆசிரியப் பெருமக்களே, இந்த வேலையை உங்கள் உயர்தர வகுப்பு மாணவரிடம் இந்தத் தவணையிலேயே ஒப்படையுங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும், அது மலையகத்தில் ஒரு குடும்பத்துக்கு அதன் மூதாதையைத் திருப்பித் தரும்.