பாயும் மூச்சும்: யோக வாழ்வின் ஐந்து நெறிகள்



திருநெல்வேலிச் சீமையிலே பத்தமடை என்னும் ஊர் கோரைப்பாய்க்குப் பேர்போனது. அவ்வூரில் 1887ஆம் ஆண்டு பிறந்த குப்புசாமி என்பார், மருத்துவம் பயின்று, 1913இல் மலாயா சென்று, தோட்டத் தொழிலாளர்க்கு வைத்தியம் பார்த்தார். பத்தாண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பி, 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். அவரே சுவாமி சிவானந்தர். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு இவருடைய வரலாறு அந்நியமானதன்று.

அவருடைய போதனையை அவர்தம் மாணாக்கர் சுவாமி விஷ்ணுதேவானந்தர் ஐந்து நெறிகளாகத் தொகுத்தளித்தார். தக்க உடற்பயிற்சி, தக்க சுவாசம், தக்க ஓய்வு, தக்க உணவு, நல்லெண்ணத்தோடு கூடிய தியானம் என்பன அவை.

ஊரில் இருந்த காலத்தில் ஆற்றுக்கு நடந்தோம்; கிணற்றில் நீர் இறைத்தோம்; தரையில் சம்மணமிட்டு உண்டோம். உடலுக்கு வேண்டிய அசைவு தானே கிடைத்தது. இங்கோ அலுவலகத்தில் நாற்காலி, வண்டியில் இருக்கை, வீட்டிலும் நாற்காலி! பல்லாண்டு காகிதங்களின் மீது குனிந்தே இருந்ததால் நமக்குக் கழுத்துவலி கண்டது. புத்தகப் படத்தைப் பார்த்து அவசரமாகச் சிரசாசனம் செய்யப் போய், வலி இரு மடங்காயிற்று. வைத்தியர் அதனை நிறுத்தச் சொன்னார். பின்னர் ஆசிரியர் ஒருவரை அடுத்தபோது, அவர் முதன்முதலில் கற்பித்தது என்ன தெரியுமா? மல்லாந்து அசையாமல் கிடக்கும் சவாசனம்! தலைகீழாக நிற்பதன்று யோகம் என்பது அன்றுதான் நமக்கு விளங்கிற்று. இரத்தக் கொதிப்பு, கண்ணழுத்த நோய் உடையோர் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்த்தல் வேண்டும். எவரும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

அடுத்தது சுவாசம். மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடுதலே தொடக்கப் பயிற்சி. தொடக்கத்தில் மூச்சை அடக்கிப் பார்க்கும் ஆசை வேண்டாம். தில்லியின் குளிர்காலத்தில் புகைமூட்டம் கவிந்த காலைகளில் பூங்காவை விட்டு, வீட்டினுள்ளே பயில்வது நலம்.

மூன்றாவது ஓய்வு. படுக்கையில் புரள்வது ஓய்வாகாது. பாதம் தொடங்கி நெற்றி ஈறாக ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்தி, பத்து நிமிடம் கிடப்பதே ஓய்வு.

உணவைப் பற்றி ஹடயோக நூல்கள் மிதாகாரம் என்று கூறும். வயிற்றில் காற்பங்கை வெறுமையாக விட்டு உண்பதே அது. அரிசியா கோதுமையா என்று நாம் வாதிடுவதைக் காட்டிலும், அளவறிந்து உண்பது மேலானது.

ஐந்தாவது மனம். ஊரிலிருந்து தொலைபேசி மணி ஒலித்தால் நெஞ்சு துணுக்குறுகிறதே, அது நம்மில் யாருக்கு இல்லை? முதிய பெற்றோர் அங்கே, நாம் இங்கே. அக்கவலையை எந்த ஆசனமும் அகற்றிவிடாது. ஆனால் நாள்தோறும் சிறிது நேரம் அமைதியாக அமர்ந்து பழகிய மனம், செய்தி எதுவாயினும் கலங்காமல் ஆவன செய்யும் திறம் பெறும்.

ஒன்றை மறத்தலாகாது. பதஞ்சலி முனிவர் எட்டு உறுப்புகளைக் கூறுங்கால், ஆசனத்துக்கு முன்னரே இயமம், நியமம் இரண்டையும் வைத்தார். திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இவ்வெட்டையும் விரித்துரைத்தார். கொல்லாமை, வாய்மை, தூய்மை முதலியன இல்லாத இடத்தில் ஆசனம் வெறும் தேகப்பயிற்சியே. காலையில் ஆசனமிட்டு, பகலில் கீழ்ப்பணியாளரைச் சீறுவோமாயின் நாம் கற்றதுதான் என்ன?

ஆகவே, நேயர்களே, நாளைக் காலை அரைமணி நேரம் முன்னதாக எழுவோம். பத்தமடைப் பாய்தான் வேண்டும் என்பதில்லை. பழைய ஜமக்காளம் ஒன்று போதும். எந்த ஊரில் விரித்தாலும் அவ்வளவு இடம் நமக்குச் சொந்தமே.