மூச்சுத்திணறல் ஒன்று, நோய் இரண்டு



படியேறினால் மூச்சு வாங்குகிறது. "வயசாயிடுச்சு, அதான்" என்று விட்டுவிடுகிறோம். அது ஆஸ்துமாவாக இருக்கலாம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாகவும் இருக்கலாம். இருமலும் இளைப்பும் இரண்டிலும் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கும். தூசி, புகைமூட்டம், சளிக்காய்ச்சல் போன்றவை அதைத் தூண்டிவிடும். இன்று திணறல், நாளை சுகம் என்று மாறி மாறி வரும். அடைப்பு நோய் அப்படியல்ல. பெரும்பாலும் பல ஆண்டு புகைபிடித்தவர்களுக்கு, 40 வயதுக்குமேல் மெல்ல மெல்லக் கூடும். பழுதான நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆனால், எந்த வயதில் புகையை விட்டாலும் நோய் முற்றும் வேகம் குறையும். நோய் எதுவென்று அறிய, குழாயில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை உதவும்.

இரண்டுக்கும் இன்ஹேலர்தான் தருகிறார்கள். உள்ளிருக்கும் மருந்துதான் வேறு. ஆஸ்துமாவுக்கு அடிப்படை, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு. அடைப்பு நோய்க்கு முதன்மையானது, குழாயை நெடுநேரம் விரித்து வைக்கும் மருந்து. ஆஸ்துமா உள்ளவர் இந்த விரிக்கும் மருந்தை மட்டும் எடுத்துவந்தால், வீக்கம் தணியாமல் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, கணவருடைய இன்ஹேலரை மனைவியோ, மனைவியுடையதைக் கணவரோ பயன்படுத்த வேண்டாம்.

இன்னும் சில செய்திகள்:

• தினமும் எடுக்கச் சொன்ன மருந்தை, உடம்பு நன்றாக இருக்கும் நாளிலும் எடுங்கள். திணறும்போது எடுக்கும் நிவாரண மருந்து அதற்கு ஈடாகாது.

• முதலில் மூச்சை வெளியே விடுங்கள். அழுத்தினால் பீய்ச்சும் இன்ஹேலர் என்றால் மெதுவாக, ஆழமாக உள்ளிழுங்கள். தூள் மருந்து என்றால் வேகமாக, பலமாக இழுங்கள். பிறகு, முடிந்தால் 10 விநாடி மூச்சை அடக்குங்கள்.

• ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லையென்றால் வாயில் வெண்புண் வரலாம்.

• நிவாரண மருந்து முன்பைவிட அடிக்கடி தேவைப்பட்டால், மருத்துவரிடம் சொல்லத் தாமதிக்காதீர்கள்.

• நிவாரண மருந்து எடுத்தும் திணறல் தணியவில்லை, பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் உடனே 995ஐ அழையுங்கள்.

அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது உங்கள் இன்ஹேலரையும் எடுத்துச் செல்லுங்கள். மருந்தாளர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். சரியாக இழுத்தால்தான் மருந்து நுரையீரலைச் சேரும். தவறாக இழுத்தால் தொண்டையோடு நின்றுவிடும்.