ரூஜ் நதியின் பாசிக்கும் ஒரு பதிவேடு



ஸ்காபரோவில் வாழும் தமிழருக்கு ரூஜ் பள்ளத்தாக்கை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கோடை பிறந்தால் குடும்பமாக அங்கே நடக்கப் போகிறோம். நதி ஒன்ராறியோ ஏரியில் கலக்கிற மணற்கரையில் பிள்ளைகளை விளையாட விடுகிறோம். வடக்கே, பனியாறுகள் விட்டுச்சென்ற ஓக் ரிட்ஜஸ் மேட்டுநிலத்தில் ஊறி வருகிற தண்ணீர் அது. 2015இல் அந்தப் பள்ளத்தாக்கு கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா ஆனது. 1,700க்கும் மேற்பட்ட உயிரினங்கள் அங்கே பதிவாகியுள்ளன. 2012லும் 2013லும் ஆய்வாளர்களும் பொதுமக்களும் சேர்ந்து இறங்கி, 24 மணி நேரம் தேடித் தேடிக் குறித்தார்கள். அந்த வேலையில் நம்மவரும் தோள் கொடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

குறித்து வைத்து என்ன பயன் என்று கேட்பீர்கள். நம் ஊர் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த மில்க்வீட் செடி அங்கே வளர்கிறது. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அதுதான் உணவு. அதே குடும்பத்தில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு கொடி இப்போது ரொறன்ரோவின் பள்ளத்தாக்குகள் எங்கும் படர்ந்துவிட்டது. மொனார்க் ஏமாந்து அதில் முட்டையிட்டால், பொரிக்கும் புழுக்கள் பிழைப்பதில்லை. எந்தச் சரிவில் எது நின்றது, எந்த ஆண்டில் எது வந்தது என்ற பதிவு இருந்தால்தான் எங்கே முதலில் களையெடுப்பது என்று தெரியும்.

மரத்துக்கும் பூவுக்கும் ஆர்வலர் உண்டு. பாசிக்குத்தான் ஆளில்லை. அதுதான் என் மனக்குறை.

ஆற்றுக் கல்லைத் தொட்டால் வழுக்குகிறதே, அந்தப் பழுப்புப் படலத்தில் சிலிக்கா ஓடு பூண்ட டயாட்டம் பாசிகள் இருக்கின்றன. எந்த இனம் பெருகுகிறது, எது ஒழிகிறது என்று பார்த்தே ஆற்றின் நலத்தைச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் ரூத் பேட்ரிக் 1940களிலேயே ஆறுகளில் இறங்கி இதை நிறுவிக் காட்டினார். பனிக்காலத்தில் நம் சாலைகளிலும் வாசல்களிலும் கொட்டுகிற உப்பு எங்கே போகிறது? உருகிய பனியோடு ஓடைக்கும் நதிக்கும் போகிறது. உப்பு ஏறினால், அதைத் தாங்கும் டயாட்டம்கள் ஓங்கி மற்றவை குறையும். கரையில் நிற்கும் நம் கண்ணுக்குத் தண்ணீர் அப்போதும் தெளிவாகத்தான் தெரியும்!

அந்தத் தெளிவையும் நம்பிவிடாதீர்கள். 1980களின் இறுதியில் வந்து சேர்ந்த வரிச் சிப்பிகள் ஏரி நீரை வடிகட்டின. வெளிச்சம் ஆழத்துக்கு இறங்கியது. கிளடோஃபோரா என்ற இழைப்பாசி பாறைகளில் அடர்ந்தது. அலை அதைப் பிய்த்துக் கரையில் ஒதுக்க, அது அழுகி நாறுகிறது.

பாசி ஆய்வு நமக்கு அந்நியமானதா? இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னையில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். ஈர மண்ணில் வளரும் ஒரு பச்சைப் பாசியை 1932இல் முதன்முதலாக விவரித்து, பிரிட்டிஷ் அறிஞர் ஃபிரிட்ச்சின் பெயரைச் சூட்டினார். அவருடைய மாணவர் டி.வி. தேசிகாச்சாரி 1959இல் நீலப்பச்சைப் பாசிகள் பற்றி வெளியிட்ட நூலை உலகெங்கும் ஆய்வாளர்கள் கையாண்டார்கள். சென்னையின் குளத்திலும் சேற்றிலும் தொடங்கிய அந்த அறிவுக்கு நாமும் வாரிசுகள்தான்.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ரூஜுக்குப் போகும்போது ஒரு செடியையாவது நின்று படமெடுத்து, ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இடமும் தேதியும் விளங்கப் பதியுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் பதியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அப்போதுதான் வழி பிறக்கும். எதையும் பறிக்க வேண்டாம். பாசிக்குப் படம் போதாது, நுண்ணோக்கியும் படித்த கண்ணும் வேண்டும். அதனால் இரண்டாவது வேண்டுகோள் பெற்றோருக்கு: உயிரியல் படிக்கிற உங்கள் மகளோ மகனோ மருத்துவத்தை விட்டுப் பாசி படிக்கப் போகிறேன் என்றால், தயவுசெய்து மறிக்காதீர்கள், மனமார அனுப்பி வையுங்கள்.