எரிக்க முடியாத பெயர்கள்

(திருவதிகையில் நடைபெற்ற திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் சொல்ல வந்தது தமிழர் ஒருவரின் வரலாறன்று. யூத மருத்துவர் ஒருவரின் வரலாறு. திருவதிகையில் நின்றுகொண்டு யூதரைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

சூலைநோயால் துடித்து வந்த தம்பிக்குத் திலகவதியார் திருநீறு அளித்து ஆற்றியது இந்த மண்ணில் என்று படிக்கிறோம். நோய் நீங்கிய திருநாவுக்கரசர், தாம் விரும்பிய நெறியில் நின்றதற்காக நீற்றறையில் இடப்பட்டார்; கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்டார் என்று பெரியபுராணம் கூறும். ஒரு நோய், ஓர் உடன்பிறந்தாள், ஒரு நெறி, ஓர் அரசு. இந்நான்கும் 16ஆம் நூற்றாண்டில் கோவாவிலும் வந்து கூடின. ஆனால் அங்கே கல் மிதக்கவில்லை.

அம்மருத்துவரின் பெயர் கார்சியா த ஓர்த்தா. அவருடைய பெற்றோர் எசுப்பானியா நாட்டு யூதர். 1492இல் அந்நாட்டு அரசு, கிறித்தவராக மாறுங்கள், இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேறுங்கள் என்று யூதர்க்கு ஆணையிட்டது. அவர்கள் எல்லை கடந்து போர்த்துக்கல் புகுந்தார்கள். புகுந்த இடமும் புகலிடமாகவில்லை. 1497இல் போர்த்துக்கல் மன்னன் அங்கிருந்த யூதர்களை வலிந்து திருமுழுக்காட்டினான். அன்றுமுதல் அவர்களுக்குப் 'புதுக் கிறித்தவர்' என்று பெயர். பெயர்தான் புதிது, ஐயம் பழையது. வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றினால் குற்றம். சனிக்கிழமை தூய ஆடை உடுத்தினால் குற்றம். பன்றிக்கறியை ஒதுக்கினால் குற்றம். அண்டை வீட்டாரின் கண்ணே ஒற்றர் கண்ணாயிற்று.

இச்சூழலில், 1501ஆம் ஆண்டை ஒட்டி, எல்லையோரச் சிற்றூரான கசுத்தேலு த வீதேயில் ஓர்த்தா பிறந்தார். எசுப்பானியாவின் சலமாங்காவிலும் அல்கலாவிலும் மருத்துவம் கற்றார். ஊர் திரும்பி மருத்துவம் பார்த்தார்; பின்னர் இலிசுபனில் பல்கலைக்கழக ஆசிரியரானார். கல்வியும் பதவியும் இருந்தும் நெஞ்சில் அமைதி இருந்திருக்குமா? 1534இல் மார்த்திம் அபோன்சோ த சோசா என்னும் படைத்தலைவனின் மருத்துவராகக் கப்பலேறிக் கோவா வந்து சேர்ந்தார். அடுத்த ஈராண்டில், 1536இல், போர்த்துக்கல்லில் சமய உசாவல் மன்றம் நிறுவப்பட்டது. மனிதனின் நெஞ்சுக்குள் இருக்கும் நம்பிக்கையைக் கொடுமையால் வெளியே இழுத்து ஒறுக்கும் மன்றம் அது. அவருடைய தாயும் உடன்பிறந்தாரும் அதன் சிறையைக் கண்டார்கள். 1549இல் அவர்களும் கோவாவுக்கு வந்து அவரோடு சேர்ந்தார்கள்.

ஊரைவிட்டுப் பெயர்வது இன்னதென்று இந்த அவைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சுரங்கத்துக்கு நிலத்தையும் வீட்டையும் விட்டுக் கொடுத்த நெய்வேலிச் சிற்றூர் மக்கள் அறிவார்கள். 1983க்குப் பின் படகேறி வந்த ஈழத்து ஏதிலியர் அதனினும் நன்கு அறிவார்கள்.

கோவாவில் ஓர்த்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். போர்த்துக்கீசிய ஆளுநர்களுக்கும் மருத்துவர். அகமதுநகர் மன்னன் புர்கான் நிசாம்சாவுக்கும் மருத்துவர். அவர் வந்தது வல்லடியாய் நிலம் பிடித்தோரின் கப்பலில்தான். அவர்களின் நிழலில்தான் வாழ்ந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் இங்கே தேடியது வேறு பொருள். செடியைத் தேடினார், வேரைத் தேடினார், அவற்றின் பெயரைத் தேடினார். நாட்டு மருத்துவர்களிடம் கேட்டார், வணிகரிடம் கேட்டார், பணிப்பெண்ணிடமும் கேட்டார். கேட்டவற்றையும் கண்டவற்றையும் ஐம்பதுக்கு மேற்பட்ட உரையாடல்களாக எழுதினார். அந்நூல் 1563ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் கோவாவில் அச்சாயிற்று. போர்த்துக்கல்லின் பெரும்பாவலர் கமோயிசின் பாட்டொன்று முதன்முதலாக அச்சேறியதும் அந்நூலில்தான்.

கக்கல்கழிச்சல் நோயை ஐரோப்பியர்க்கு விளங்க எடுத்துரைத்த முன்னோடி நூல்களுள் அது ஒன்று. பண்டைக் கிரேக்க மருத்துவர் காலேனின் சொல்லை ஐரோப்பா மறைநூல்போல் போற்றிய காலம் அது. எசுப்பானியாவில் இருந்திருந்தால் காலேனுக்கு எதிராக வாய் திறக்கத் துணிந்திருக்க மாட்டேன் என்று ஓர்த்தாவே அந்நூலில் ஒப்புக்கொள்கிறார். துரத்தப்பட்டவர்க்குத் துரத்தப்பட்ட இடத்தில்தான் அறிவு விடுதலை கிடைத்தது!

நமக்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் அரபியில் என்ன பெயர், கொங்கணத்தில் என்ன பெயர், மலையாளக் கரையில் என்ன பெயர் என்று அவர் வரிசையாகக் குறித்தார். தமிழின் வயிற்றில் பிறந்த மலையாளத்தில் வழங்கிய நம் பாக்கு அவர் எழுத்தில் 'பாக்' என நிற்கிறது. வெற்றிலை 'பெத்ரே' என நிற்கிறது. பண்ணுருட்டிக்காரர்களே, உங்கள் பலாவும் அதில் இருக்கிறது. குமரி மாவட்டத்தார் இன்றும் சக்கை என்று சொல்லும் அதே சொல் 'சாக்கா' என்று அந்நூலில் ஏறி, இன்று ஐரோப்பிய மொழிகளில் உலவுகிறது.

எண்ணிப் பாருங்கள். தம் நெறியின் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியாதவர், நம் கொடியின் பெயரையும் மரத்தின் பெயரையும் பிழையின்றிச் சொல்லக் கற்றுக்கொண்டார். அத்தனை பக்கங்களில் ஓர் இடத்திலேனும் 'நான் யூதன்' என்று அவரால் எழுத முடியவில்லை.

துரத்திய மன்றம் கடல் கடந்தும் வந்தது. 1560இல் கோவாவிலும் சமய உசாவல் மன்றம் நிறுவப்பட்டது. 1568இல் ஓர்த்தா காலமானார். ஆளுநர்களின் நட்பு அவர் உயிரோடு இருந்தவரை காத்தது, அதற்குமேல் காக்கவில்லை. அவருடைய உடன்பிறந்தாள் கத்தரினா சிறைப்பட்டார். 1569ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் கோவாவில் தீயிலிடப்பட்டார். அவ்வுசாவலில், ஓர்த்தா கடைசிவரை மோசேயின் நெறியையே மெய்யென நம்பினார் என்று குடும்பத்தார் வாயிலிருந்தே செய்தி பிடுங்கப்பட்டது. 1580இல் அவருடைய கல்லறையைத் தோண்டினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் புதைத்த எலும்புகளை எடுத்து எரித்தார்கள்!

எலும்பு எரிந்தது. நூல்? 1567இலேயே குளூசியசு என்னும் செடியியல் அறிஞர் அதை இலத்தீனில் சுருக்கி ஆந்துவேர்ப்பில் வெளியிட்டுவிட்டார். தீ வைத்தவர் கைக்கு எட்டாத தொலைவுக்கு அது போய்விட்டது. எந்த அரசின் பெயரால் அவர் எலும்பு எரிந்ததோ, அந்தப் போர்த்துக்கல் 1991இல் தன் 200 எசுக்குடோக் காசில் அவர் உருவத்தைப் பொறித்தது.

இன்னொன்றும் சொல்வேன். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டு வெளியிட்ட அண்டிரிக் அடிகளாரும் யூத வழிவந்த 'புதுக் கிறித்தவரே'. அந்தக் குருதியைக் குற்றமாகக் கருதிப் பிரான்சிசுக்கர் அவரை ஒதுக்க, அவர் இயேசு சபையில் சேர்ந்தார். ஐரோப்பா ஒதுக்கிய ஒரு மரபின் மகன், தமிழுக்கு அச்சு கொடுத்தான்!

நெறியை ஒறுக்கும் கை நாவை விட்டுவைக்காது. 1684இல் கோவா ஆளுநர், மூன்றாண்டுக்குள் மக்கள் கொங்கணியைக் கைவிட்டுப் போர்த்துக்கீசியமே பேசவேண்டும் என்று ஆணையிட்டான். 1981இல் யாழ்ப்பாண நூலகத்துக்கு வைத்த தீயும் அந்தக் குடும்பத்துத் தீதான்.

பிறரை மட்டும் பழித்துவிட்டு இறங்கிவிட்டால் நான் நேர்மையானவன் ஆகேன். திருநாவுக்கரசரை ஒறுத்த அதே பல்லவன், பின்பு சிவநெறிக்கு மாறியதும், பாடலியில் இருந்த சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுவந்து இதே திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான் என்று பெரியபுராணமே சொல்கிறது. அரசன் நெறி மாறினான். ஒறுக்கும் பழக்கம் மாறவில்லை. ஒறுக்கப்பட்டவன் பக்கம் நிற்பதென்றால், அவன் நம்மவனாக இல்லாதபோதும் நிற்க வேண்டும். இல்லையேல் நம் தமிழ்ப்பற்றுக்கு அறம் என்னும் அடித்தளம் இல்லை.

இறுதியாக மாணவர்களுக்கு ஒரு சொல். அண்மையில் என் வகுப்பில் தூதுவளைக் கொடியைக் காட்டிப் பெயர் கேட்டேன். நாற்பது பேரில் மூவர் சொன்னார்கள். ஆடாதொடையைக் காட்டினேன், ஒருவரும் சொல்லவில்லை. இதற்கு எந்த ஆளுநனும் ஆணையிடவில்லை. எந்த மன்றமும் தீ வைக்கவில்லை. நாமே மறந்துகொண்டிருக்கிறோம். தீயிலிருந்து தப்பிய சொல் மறதியிலிருந்து தப்பாது.

ஆகவே, ஆளுக்கொரு குறிப்பேடு எடுங்கள். உங்கள் பாட்டியிடமும், வேலியோரம் ஆடு மேய்க்கும் பெரியவரிடமும் கேளுங்கள். செடியின் பெயர், அது தீர்க்கும் நோய், சொன்னவர் பெயர் மூன்றையும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவந்து படியுங்கள். ஊரற்ற ஒருவர் நமக்காக அதைச் செய்தார். ஊரோடு இருக்கும் நாம் செய்யாதிருப்பது நாணத்தக்கது.